நீந்தப் பழகுவதற்கு முன் மெலிய வேண்டுமா?

யாழ்ப்பாண நகரை அண்டி வசிக்கும் ஒரு தாய் கேட்டிருக்கிறார்: சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பதினாறு வயது மகளை நீச்சல் வகுப்பில் சேர்க்க விரும்புகிறார். மகளுக்கும் ஆசை உண்டு. ஆனால், "இந்த உடம்போடு நீச்சலுடை போட மாட்டேன், முதலில் பத்துக் கிலோ குறைத்துவிட்டுப் போகிறேன்" என்கிறாள். ஜிம்முக்குப் போகும் அண்ணன் அதுவே சரி என்று சொல்லி, சோற்றை நிறுத்தும்படியும் தான் குடிக்கும் புரோட்டீன் பவுடரைக் குடிக்கும்படியும் அவளுக்கு யோசனை கூறுகிறான். மாமியோ, அந்த உடையே எங்கள் குடும்பத்துக்கு ஒவ்வாது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது, என்ன உடை வாங்குவது என்பதே அந்தத் தாயின் கேள்வி. உடற்கல்வி ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

மெலியும்வரை காத்திருக்க வேண்டாம். இருக்கிற உடம்போடு, வருகிற கிழமையே அவளைச் சேர்த்துவிடுங்கள். உடம்பு எப்படி இருக்கிறது என்பது ஒரு பேச்சு, நீந்தத் தெரியுமா என்பது வேறொரு பேச்சு. முன்னதைத் தீர்த்துக்கொண்டுதான் பின்னதற்கு வரவேண்டும் என்று நினைத்த எத்தனையோ பெண்கள் கடைசிவரை தண்ணீரில் இறங்காமலே இருந்துவிட்டார்கள்.

இதில் அவசரம் என்ன என்று கேட்பவர்களுக்கு 2004 டிசம்பர் 26ஐ நினைவூட்ட விரும்புகிறேன். ஆழிப்பேரலைக்குப் பிறகு ஒக்ஸ்பாம் என்ற தொண்டு நிறுவனம் 2005இல் வெளியிட்ட அறிக்கை, இலங்கையிலும் இந்தியாவிலும் இந்தோனேசியாவிலும் பல கரையோர ஊர்களில் ஆண்களைவிடப் பெண்களே அதிகமாக இறந்தார்கள் என்பதைப் பதிவு செய்தது. நீந்தவும் மரம் ஏறவும் ஆண் பிள்ளைகளுக்கு மட்டுமே பழக்கப்பட்டிருந்தது என்பது அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. வடமராட்சி கிழக்கில் அன்று உறவுகளை இழந்த குடும்பங்கள் இன்றும் எங்களுக்கு நடுவில் வாழ்கின்றன. மூன்று பக்கமும் கடல் சூழ்ந்து, ஊருக்கு ஊர் கிணறும் குளமும் கேணியும் உள்ள ஒரு குடாநாட்டில், பெண் பிள்ளை பெரியபிள்ளையான நாளோடு தண்ணீரில் இறங்குவதை நிறுத்திவிடுவது எங்கள் வழக்கம். அந்த வழக்கத்தை உங்கள் மகள் தன் உடம்பைக் காரணம் காட்டித் தானாகவே ஏற்றுக்கொள்கிறாள் என்பதுதான் எனக்கு வேதனை தருகிறது.

நீச்சல் வீரருக்கு ஒட்டிய வயிறும் அகன்ற தோளும் உள்ள ஒரே உருவம்தான் உண்டு என்ற எண்ணம் ஒலிம்பிக் தடாகத்தைத் தொலைக்காட்சியில் பார்த்து வந்தது. கடலில் நீண்டதூரம் நீந்துபவர்களைப் பார்த்தால் அந்த எண்ணம் நிலைக்காது. ஆங்கிலக் கால்வாயின் நீர் கோடையிலும் 15 முதல் 18 பாகை செல்சியஸ்தான் இருக்கும். அதைக் கடப்பவர்கள், உடலை மூடிச் சூடு காக்கும் உடையின்றி, சாதாரண நீச்சலுடையோடுதான் இறங்கவேண்டும் என்பது அங்குள்ள விதி. அந்தக் குளிரில் மணிக்கணக்காகத் தாக்குப்பிடிக்கத் தோலுக்கடியில் உள்ள கொழுப்புத்தான் கைகொடுக்கிறது. ஆகவே அந்த முயற்சிக்காக வேண்டுமென்றே எடை கூட்டிக்கொள்பவர்களும் உண்டு. தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி 1954இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். 1971இல் வல்வெட்டித்துறையிலிருந்து இந்தியாவின் கோடிக்கரைக்கும், அங்கிருந்து திரும்பியும் 51 மணித்தியாலத்தில் நீந்தி முடித்த ஆழிக்குமரன் ஆனந்தன், 1984இல் அதே ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றபோது உயிரிழந்தார். இந்த மண்ணின் பெருமையாக நாங்கள் போற்றும் அந்த இருவரையும் பற்றிப் பேசும்போது அவர்களுடைய இடுப்பளவை எவரும் கேட்டதில்லை. கொழுப்புத் திசு நீரைவிட அடர்த்தி குறைந்தது, தசை நீரைவிட அடர்த்தி கூடியது. எனவே சற்றுப் பருமனான பிள்ளைக்கு மிதக்கப் பழகுவது, ஒல்லியாக இறுகிய உடம்புள்ள பிள்ளையைவிடப் பெரும்பாலும் இலகுவாக இருக்கும். முதல் வகுப்பில் உங்கள் மகள் மிதந்துவிட்டால், அந்த உடம்பைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லாத ஒரு நல்ல செய்தியைத் தண்ணீர் சொல்லியிருக்கும்.

இனி உடைக்கு வருவோம். நீச்சலுடை என்றதும் மாமியின் மனதில் வருவது, 1946 ஜூலையில் பாரிஸில் லூயி றேயார் என்ற ஆடை வடிவமைப்பாளர் அறிமுகம் செய்த பிகினியாக இருக்கக்கூடும். அந்த உடை விளம்பரத்துக்காகவே பிறந்தது. சில நாட்களுக்கு முன் அமெரிக்கா அணுகுண்டைச் சோதித்த தீவின் பெயரையே அதற்கு வைத்து, உலகத்தின் கண்ணைத் தன் பக்கம் திருப்பினார் அவர். நீந்துவதற்கான உடையின் வரலாறு வேறு. 1912ஆம் ஆண்டு ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முறையாக நீச்சலில் போட்டியிட்ட காலம் தொட்டு, தண்ணீரை இழுக்காத, உடலோடு ஒட்டிய, அசைவைத் தடுக்காத துணியைத் தேடுவதே அந்த வரலாறாக இருந்திருக்கிறது. 2008 பீஜிங் ஒலிம்பிக்கில் உடல் முழுவதையும் இறுக்கிப் பிடிக்கும் புதுவகை உடைகள் வந்தன. 2009இல் ரோமில் நடந்த உலகப் போட்டியில் மட்டும் 43 உலக சாதனைகள் முறிந்ததால், 2010 முதல் அவற்றுக்குத் தடை வந்தது. இன்றைய விதிப்படி தடாகப் போட்டிகளில் பெண்களின் உடை தோளிலிருந்து முழங்கால்வரை இருக்கலாம். உலகத் தரப் போட்டியாளர்கள் பலர் முழங்கால்வரை நீண்ட உடையைத்தான் விரும்பி அணிகிறார்கள். ஆகவே உங்கள் மகள் அத்தகைய உடையைத் தேர்ந்தால் அது பட்டிக்காட்டுத்தனம் என்றோ, வெட்கத்துக்குக் கொடுக்கும் விலை என்றோ யாரும் நினைக்கத் தேவையில்லை.

எங்கள் பண்பாட்டில் இதற்கு இடமில்லை என்ற பேச்சையும் சற்று நிதானமாகப் பார்க்கவேண்டும். எங்கள் பாட்டிமார் குறுக்குக்கட்டோடு கிணற்றடியில் குளித்தவர்கள். தோளும் கையும் கெண்டைக்காலும் வெளியில் தெரிவதை அந்த இடத்தில் எவரும் குறையாகக் கருதியதில்லை. கீரிமலையில் ஆண்களுக்கு ஒரு கேணி, பெண்களுக்கு ஒரு கேணி என்று தனித்தனியே வைத்திருப்பதன் பொருளும், பெண் நீரில் இறங்கக்கூடாது என்பதன்று, அவள் நிம்மதியாக இறங்க ஓர் இடம் வேண்டும் என்பதே. பழைய காலத்தை நான் பொன்னாக்கிக் காட்டவில்லை. கிடுகு வேலிக்கு உள்ளே இருந்த அந்தச் சுதந்திரம் வேலிக்கு வெளியே அவர்களுக்கு இருக்கவில்லை. ஆனால் தண்ணீருக்கென்று தனியாக ஓர் உடை எங்களுக்கும் இருந்தது என்பதை மாமிக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லலாம்.

மேற்கு நாடுகளில் இந்தச் சிக்கல் தீர்ந்துவிட்டது என்றும் எண்ணவேண்டாம். 2016இல் பிரான்சின் சில கரையோர நகரங்கள், உடலை முழுதும் மூடும் புர்கினி அணிந்து பெண்கள் கடலில் இறங்கக்கூடாது என்று தடை விதித்தன. அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் அத்தகைய தடை ஒன்றை இடைநிறுத்தவேண்டி வந்தது. 2021இல் நோர்வேயின் பெண்கள் கடற்கரைக் கைப்பந்தாட்ட (ஹாண்ட்போல்) அணிக்கு, பிகினிக்குப் பதிலாக அரைக்காற்சட்டை அணிந்து விளையாடியதற்காக 1,500 யூரோ தண்டம் விதிக்கப்பட்டது. பலத்த எதிர்ப்புக்குப் பிறகே அந்த விதி மாறியது. ஓரிடத்தில் அதிகமாக மூடியது குற்றமாயிற்று. மற்றோரிடத்தில் போதிய அளவு காட்டாதது குற்றமாயிற்று. இரண்டிலும் அணிகிறவளைத் தவிர மற்ற எல்லோரும் முடிவு செய்தார்கள். உங்கள் வீட்டில் அப்படி நடக்க விடாதீர்கள். பாதுகாப்பும் தடாகத்தின் விதியும் அனுமதிக்கும் எல்லைக்குள், எது போட்டால் தன்னை மறந்து நீந்தமுடியும் என்று அவளே தெரிவு செய்யட்டும்.

வாங்கும்போது கவனிக்கவேண்டியவை சில உண்டு. பருத்தி ரீசேட்டும் தொளதொளத்த காற்சட்டையும் வேண்டாம். பருத்தி நீரை உறிஞ்சிப் பாரமாகிக் கையையும் காலையும் கீழே இழுக்கும், அதன் நூல் தடாகத்தின் வடிகட்டிக்குள்ளும் போகும். பொலியெஸ்டருடன் இழுபடும் நூல் கலந்த துணியே ஏற்றது. நைலோன் கலந்ததும் நல்லதுதான், ஆனால் குளோரீன் கலந்த நீரில் பொலியெஸ்டர் கூடுதல் காலம் உழைக்கும். உலர்ந்திருக்கும்போது சற்றே இறுக்கமாக இருப்பது சரியான அளவு, ஏனெனில் நனைந்ததும் துணி கொஞ்சம் நெகிழும். ஆனால் நெஞ்சை அமுக்கி மூச்சை முட்டுகிற அளவில் வாங்கிவிட்டு, மெலிந்த பிறகு பொருந்தும் என்று சொல்லவேண்டாம். அடையாளத் துணியில் எழுதியுள்ள எண் பெரிதாக இருந்தால் இருக்கட்டும், அதை வெட்டி எறிந்துவிடலாம். கையை மேலே தூக்கியும் குனிந்தும் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே இரண்டாவது துணி வைத்துத் தைத்திருக்கிறதா என்று பாருங்கள். அரைக்கை வைத்து முழங்கால்வரை அல்லது கணுக்கால்வரை நீளும் உடைகள் இப்போது கொழும்பிலும் இணையக் கடைகளிலும் கிடைக்கின்றன. உலகப் பெயர்பெற்ற நீச்சலுடைகள் சில இந்த நாட்டுத் தொழிற்சாலைகளில், எங்கள் நாட்டுப் பெண்களின் கைகளால் தைக்கப்படுபவை என்பதும் மாமிக்குத் தெரிந்திருக்கட்டும்.

நிறத்தைப் பற்றித் தனியாக ஒன்று சொல்லவேண்டும். பருமனை மறைக்கும் என்று நம்பி வீட்டார் கறுப்பையோ கருநீலத்தையோ எடுக்கச் சொல்வார்கள். நீருக்குள் கருநீலமும் சாம்பலும் வெளிர்நீலமும் கண்ணுக்கு எளிதில் தெரியாமற் போகும். செம்மஞ்சளும் பளிச்சிடும் இளஞ்சிவப்பும் உடனே தெரியும். ஆபத்து நேர்ந்தால் பயிற்றுநரின் கண்ணில் முதலில் படவேண்டியவள் உங்கள் மகள் என்பதால், மெலிவாகக் காட்டும் நிறத்தைவிடப் பளிச்சென்று தெரியும் நிறமே நல்ல நிறம். நீந்தி முடிந்ததும் நன்னீரில் அலசி, முறுக்கிப் பிழியாமல், நிழலில் காயவிட்டால் உடை நெடுநாள் வரும். மாதவிடாய் நாட்களில் விருப்பமில்லையென்றால் வகுப்புக்குப் போகாமல் விடலாம். அதற்குப் பயிற்றுநரிடம் காரணம் விளக்கவேண்டிய தேவையும் இல்லை.

இவ்வளவும் செய்துகொடுத்த பிறகும் அவள் கண்ணாடி முன்னால் நின்று அழக்கூடும். அந்த அழுகையை அற்பமாக எண்ணாதீர்கள். 1998இல் அமெரிக்காவில் பார்பரா பிரெட்றிக்சனும் அவருடைய சக ஆய்வாளர்களும் மாணவர்களைத் தனித்தனியே ஓர் அறைக்குள் விட்டு, சிலரை நீச்சலுடையும் சிலரைக் கம்பளிச் சட்டையும் அணியச் செய்து, அந்த உடையோடேயே கணக்குகளைச் செய்யவைத்தார்கள். அறையில் வேறு ஒருவரும் இல்லை. இருந்தும், நீச்சலுடை அணிந்த பெண்கள் மற்றப் பெண்களைவிடக் குறைவான புள்ளிகள் பெற்றார்கள். ஆண்களிடம் அந்த வேறுபாடு தென்படவில்லை. ஆனால் 2004இல் வெளிவந்த வேறோர் ஆய்வில், ஆண்களுக்கும் உடலோடு ஒட்டிய சிறிய நீச்சலுடையைக் கொடுத்தபோது அவர்களும் அவ்வாறே தடுமாறினார்கள். பார்ப்பதற்கு ஆளில்லாதபோதும் பிறர் கண்ணால் தன்னைத் தானே பார்த்துக்கொண்டிருப்பது மனதின் ஒரு பகுதியைத் தின்றுவிடுகிறது என்பதே ஆய்வாளர்கள் தந்த விளக்கம். உங்கள் மகள் மூச்சு எடுப்பதையும் கால் அடிப்பதையும் கற்கவேண்டிய நேரத்தில் அந்தப் பார்வை அவளோடு நீருக்குள் இறங்கினால் பழகுவது தாமதமாகும். தன்னை இறுக்காத, இழுத்து இழுத்துச் சரிசெய்ய வேண்டியிராத உடை அவளுக்குத் தேவை என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

அந்தப் பார்வை எங்கிருந்து வந்தது என்பதற்குப் பிஜித் தீவுகளில் நடந்த ஆய்வு ஒன்று நல்ல சான்று. கட்டான, நிறைந்த உடம்பை அழகென்றும் நல்ல பராமரிப்பின் அடையாளமென்றும் மதித்து வந்த ஒரு பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் அவ்வாண்டும் 1998இலும் பாடசாலை மாணவியரிடம் அவர்களுடைய உணவுப் பழக்கம் குறித்துக் கேட்டறிந்தார். உணவுக் கோளாறு இருக்கலாம் என்று காட்டும் அளவைத் தாண்டியவர்கள் 12.7 வீதத்திலிருந்து 29.2 வீதமாகக் கூடியிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் கேட்கப்பட்டவர்கள் நூறு பேருக்கும் குறைவு என்பதால் அந்த எண்ணிக்கையை அளவுக்கு மீறிப் பெரிதாக்கக்கூடாது. ஆனால் எங்கள் ஊரின் கதையும் அதே திசையில்தான் போயிருக்கிறது. "உடம்பு வைச்சிருக்கிறாய்" என்பது ஒருகாலத்தில் மகிழ்ச்சியோடு சொல்லப்பட்ட நலவிசாரிப்பு. இன்று அதே சொல்லை, நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்து இறங்கும் உறவினர் படலையடியிலேயே சொல்லும்போது ஒரு பிள்ளை மூன்று நாள் சாப்பிடாமல் இருக்கிறாள். சிறிது மெலிந்தாலோ "என்ன, காய்ஞ்சு போனாய், வருத்தமோ" என்பதும் அதே வாய்தான். சாமத்திய வீட்டுப் படத்தொகுப்பில் இடுப்பைக் கணினியில் சுருக்கி, தோலை வெளுப்பாக்கித் தருவதைப் படப்பிடிப்பாளர் ஒரு சேவையாகவே செய்கிறார்; அந்தப் படம் வீட்டுச் சுவரில் தொங்கும்போது, தன் உண்மையான உடம்பு போதாது என்று அந்தப் பிள்ளைக்கு நாங்களே சொல்லிவிடுகிறோம். திருத்திய உடலைக் காட்டும் விளம்பரப் படங்களில் அதைக் குறிப்பிடவேண்டும் என்று பிரான்சும் நோர்வேயும் சட்டம் இயற்றியிருக்கின்றன. எங்கள் வீட்டுச் சுவருக்கு அத்தகைய சட்டம் எதுவும் வரப்போவதில்லை. தாயான நீங்கள்தான், உறவினர் முன்னிலையில் "பிள்ளையின் உடம்பைப் பற்றிப் பேசவேண்டாம்" என்று ஒரு தடவையாவது உறுதியாகச் சொல்லவேண்டும். அவள் அதைக் காதால் கேட்கவேண்டும்.

"வெயிலில் நீந்தினால் கறுத்துப்போவாய், பிறகு யார் கட்டுவான்" என்ற பேச்சும் வரும். காலை ஒன்பது மணிக்கு முன்னும் மாலை நான்கு மணிக்குப் பின்னும் வகுப்பு இருந்தால் வெயில் கடுமையாக இராது, நீளக்கை உடை தோலையும் காக்கும். அதற்கு மேல் அந்தப் பேச்சுக்கு மதிப்புக் கொடுக்கவேண்டாம். ஆனால் ஒரு கறுப்பை மட்டும் அலட்சியம் செய்யக்கூடாது. கழுத்தின் பின்புறமும் அக்குளும் வெல்வெட்டுப்போலத் தடித்துக் கறுத்திருந்தால் அதைத் தேசிக்காயால் தேய்த்துப் பயனில்லை. உடலில் இன்சுலின் சரிவர வேலை செய்யவில்லை என்பதன் அடையாளமாக அது இருக்கலாம். கூடவே மாதவிடாயும் ஒழுங்கின்றி இருந்தால் வைத்தியரிடம் காட்டி இரத்தச் சர்க்கரையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில், எந்த உடம்பும் அழகே, எடையைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்று சமூக ஊடகங்களில் எழுதுகிறவர்களோடு நான் முழுமையாக உடன்படவில்லை என்பதையும் சொல்லியாகவேண்டும். உடம்பை இழிவுபடுத்தக்கூடாது என்பது சரி. ஆனால் தெற்காசியர்களான எங்களுக்கு, ஐரோப்பியர்களைவிடக் குறைந்த எடையிலேயே வயிற்றுக்குள் கொழுப்புச் சேர்ந்து நீரிழிவும் இதய நோயும் வரும் இயல்பு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல், ஆசிய மக்களுக்கு உடற்திணிவுச் சுட்டி (எடையை உயரத்தோடு ஒப்பிடும் BMI அளவு) 23ஐ எட்டும்போதே கவனம் தேவை என்றும் 27.5க்கு மேல் ஆபத்து அதிகம் என்றும் குறிப்பிட்டது இதனால்தான். இந்த எண்கள் வளர்ந்தவர்களுக்கு உரியவை. பதினாறு வயதுப் பிள்ளைக்கு வயதுக்கேற்ற வளர்ச்சி வரைபடத்தில் வைத்தே பார்க்கவேண்டும். வீட்டில் எளிதாகப் பார்க்க விரும்பினால், இடுப்புச் சுற்றளவு உயரத்தின் பாதிக்குக் குறைவாக இருக்கிறதா என்று அளந்துபாருங்கள். பார்வைக்கு ஒல்லியாக இருந்தும் தொந்தி விழுந்த தந்தைமாருக்கும் இந்த அளவு பொருந்தும். அளந்து வந்த எண்ணை வைத்தியரோடு பேசுங்கள், சாப்பாட்டு மேசையில் பேசவேண்டாம்.

சோற்றை முற்றாக நிறுத்தச் சொல்லும் அண்ணனின் யோசனை அவளுக்குத் தீமை செய்யும். எலும்பின் வலு பெருமளவுக்கு இந்த வயதில்தான் சேர்கிறது. போதிய உணவின்றி உடற்பயிற்சி செய்யும் பெண் பிள்ளைக்கு மாதவிடாய் நின்றுபோகலாம், அதோடு எலும்பும் மெலியத் தொடங்கும். புட்டின் அளவைச் சற்றுக் குறைத்து, பயறும் கீரையும் மீனும் முட்டையும் கூட்டி, சீனித் தேநீரையும் மென்பானத்தையும் விலக்கினால் போதும். கிழமையில் சில நாட்கள் நீந்துவதால் மட்டும் எடை விழுந்துவிடும் என்று அவளுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். நீந்தி வந்தால் நன்றாகப் பசிக்கும். அவளுடைய மூச்சும் தசையும் நித்திரையும் மனமும் திருந்தும், எடை மாறலாம், மாறாமலும் இருக்கலாம். முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மையார் எழுபது வயதைக் கடந்து 2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் தடகளப் போட்டியில் தங்கம் வென்றபோது வெளிவந்த படங்களை அவளுக்குக் காட்டுங்கள். உடற்தகுதி என்பது எந்த விளம்பரத்திலும் வராத உருவத்திலும் இருக்கும் என்பதை அவள் கண்ணால் பார்க்கட்டும்.

அண்ணனைப் பற்றியும் நீங்கள் கவலைப்படவேண்டும், ஏனெனில் அவனும் இதே வலையில்தான் இருக்கிறான். அமெரிக்க மனநல மருத்துவர் ஹரிசன் போப் 1999இல் வெளியிட்ட ஆய்வில், சிறுவர்களின் போர்வீரப் பொம்மைகள் முப்பது ஆண்டுகளில் எவ்வாறு தசை பெருத்து வந்தன என்று அளந்து காட்டினார். மிகப் பிந்திய சில பொம்மைகளை மனித உயரத்துக்குப் பெருக்கினால், கட்டழகர் போட்டியில் வெல்பவர்களிடம்கூட இல்லாத புயம் அவற்றுக்கு இருந்தது. எவ்வளவு தசை வைத்தாலும் தான் நோஞ்சான் என்றே எண்ணும் நோயையும் அவருடைய குழுவினரே விவரித்தார்கள். அண்ணன் பார்க்கும் படங்களில் உள்ளவர்கள் போட்டி நாளுக்காக நீரையும் உப்பையும் குறைத்து, ஓரிரு நாள் மட்டும் அந்தத் தோற்றத்தைப் பிடித்து வைப்பவர்கள். பாரம் தூக்கிப் பயிற்சி செய்யும் இளைஞனுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.4 முதல் 2 கிராம் வரையான புரதம் போதும். முட்டையும் மீனும் கடலையும் பருப்பும் தயிரும் உள்ள வீட்டில் அதைச் சாப்பாட்டிலேயே பெருமளவு எடுத்துவிடலாம். பால் புரதத்தில் செய்த தரமான பவுடர் நஞ்சு அல்ல. ஆனால் பொதியில் என்ன எழுதியிருக்கிறது, யார் இறக்குமதி செய்தது என்பது தெரியாத பொருளாக இருந்தால் அதை வீட்டுக்குள் விடவேண்டாம். அவனுக்குத் திடீரென்று முகத்திலும் முதுகிலும் பரு வந்து, கோபம் கூடி, மார்பு வீங்கத் தொடங்கினால் யாரோ அவனுக்குத் தசை பெருக்கும் ஸ்டீரொயிட் மாத்திரையோ ஊசியோ கொடுத்திருக்கலாம். அது விதையைச் சுருக்கும், ஈரலையும் இதயத்தையும் தாக்கும். சண்டை பிடிக்காமல் அவனை வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள். தங்கைக்கு அவன் கொடுக்கும் பவுடரை மட்டும் இன்றே நிறுத்திவிடலாம்.

வகுப்பில் சேர்ப்பதற்கு முன் நீங்கள் நேரில் போய்த் தடாகத்தைப் பாருங்கள். பெண்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிய நேரம் உண்டா, பெண் பயிற்றுநர் இருக்கிறாரா, உடை மாற்றும் அறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, உயிர்காப்பாளர் பயிற்சி பெற்றவரா, எந்தத் துணியை அனுமதிக்கிறார்கள் என்று கேளுங்கள். தடாகத்தைச் சுற்றிக் கைத்தொலைபேசி எடுக்கத் தடை உண்டா என்பதைக் கட்டாயம் கேளுங்கள், ஏனெனில் இன்று எங்கள் பிள்ளைகள் அஞ்சுவது எதிரில் நிற்பவரின் கண்ணைவிடப் படம் பிடிக்கும் கையைத்தான். தடை இல்லையென்றால் வகுப்பு நேரத்துக்காவது அதைக் கொண்டுவரும்படி மற்றத் தாய்மாரையும் சேர்த்துக்கொண்டு கேளுங்கள். முடியாது என்று சொன்னால் வேறு இடம் பாருங்கள். உங்களுக்கும் நீந்தத் தெரியாதென்றால், பணமும் நேரமும் இடம் கொடுத்தால், அவளோடு சேர்ந்து நீங்களும் பெயர் கொடுங்கள்.